கட்டபொம்மன் கடித்த கதை

நார்த் யார்க்‌ஷயர்,
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் உங்கள் மகளும் நலம். என் வலது கைக் கட்டைவிரல் மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் உங்கள் முயல் வேட்டைக் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கீரிப்பிள்ளை வளர்ப்பதாக அத்தை ஊரெல்லாம் சொல்லிவருவதாகக் கேள்வி. கீரி இல்லை மாமா, இதன் பெயர் ஃபெரட். நீள உடம்பு, குட்டைக் கால், தூரத்துப் பார்வைக்குக் கீரிதான். ஆனால் இது ஆடு மாடு போல மனிதனோடு ஒட்டிக்கொண்டு இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. நம்ம ஊர் முயல் வளை தோண்டாது, புதரடியில் படுத்துக் கிடக்கும். நாயை விட்டால் போதும். இங்கத்து முயல் பூமிக்குள் பத்துப் பதினைந்து வாசல் வைத்து ஒரு தெருவே கட்டிக் குடியிருக்கிறது. நாய் வாசலில் நின்று குரைக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போய் முயலை வெளியே விரட்ட ஃபெரட்தான் வேண்டும்.

அங்கே முயலைத் தொட்டால் ஃபாரஸ்ட்காரர் வருவார். இங்கே பிடிக்காமல் விட்டால்தான் குற்றம். முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரன் பொறுப்பு என்று 1954-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். முயலே இவர்கள் நாட்டுப் பிராணி இல்லையாம். நார்மன்கள் கறிக்கும் தோலுக்கும் கொண்டுவந்தது. வந்து இத்தனை நூற்றாண்டு ஆகியும் வெளியூர்க்காரன் என்றுதான் பேச்சு. பக்கத்துப் பண்ணைக் கிழவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். நான் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கிழவர்தான் இரண்டு ஃபெரட்டுகளை என் தலையில் கட்டினவர். முன்பு வைத்திருந்தவர் கூண்டுக்குள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போவாராம். இரண்டு வயது வரை மனிதக் கை படாத ஜீவன்கள். வெள்ளையாக, சிவந்த கண்ணோடு இருந்த பெண்ணுக்கு வெள்ளையம்மா என்று பேர் வைத்தேன். கிட்டப் போனாலே சீறிய ஆணுக்குக் கட்டபொம்மன். இங்கிலீஷ்காரன் மண்ணில் அப்படி ஒரு பெயரைக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். கிழவருக்கு முழுசாக வாயில் நுழையவில்லை, ‘கேட்’ என்கிறார். ஃபெரட்டுக்குப் பூனை என்று பேர் வந்ததுதான் மிச்சம்.

1390-ல் இங்கே ஒரு ராஜா, ரிச்சர்ட், வருஷத்துக்கு 40 ஷில்லிங் நிலவருமானம் இல்லாத குடியானவன் ஃபெரட் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டாராம். எதற்கெடுத்தாலும் வருமான வரம்பு கேட்கும் புத்தி விசா ஆபீசோடு தொடங்கியதில்லை.

முதல் நாளே கூண்டில் கை விட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கவ்விக்கொண்டான். உடும்புப்பிடி என்பீர்களே, அந்த உடும்பு இவனிடம் பாடம் படிக்க வேண்டும். உதறினால் சதை கிழியும். “கையை ஆட்டாதே, தரையில் இறக்கு, அவனே விடுவான்” என்றார் கிழவர். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். விடவில்லை. கடைசியில் தோட்டத்துக் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரில் கையைக் காட்டியபின் யோசித்து யோசித்து வாயைத் திறந்தான். உங்கள் மகள் நர்ஸ் ஆயிற்றே, கட்டுப் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வலி குறைந்திருக்கும்.

அவன் கெட்டவன் இல்லை மாமா, பயந்தவன். கண் சரியாகத் தெரியாது, மூக்குதான் உலகம். கூண்டுக்குள் நீண்டு வருவதெல்லாம் அவனுக்குத் தீனி, விரலும் அதில் சேர்த்தி. தோல் உறை போட்டால் என் கை வாசனை அவனுக்குப் பழகாது என்று கிழவர் தடுத்துவிட்டார். மூன்று நாள் போட்டு வேர்த்த பனியனை அவன் படுக்கையில் வைத்தேன். பிறகு விரல்களை மடக்கி, புறங்கையில் மீன் எண்ணெயைத் தடவி நீட்டினேன். முதல் வாரம் சீறல். இரண்டாம் வாரம் ஒரு நாள் நாக்கு பட்டது, சொரசொரவென்று, சூடாக. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தீர்ந்த பிறகும் நக்கினான்.

நடுவில் எனக்குச் சளி பிடித்ததும் கிழவர் பக்கத்தில் போகவிடவில்லை. நம்முடைய ஃப்ளூ இவற்றுக்கும் ஒட்டுமாம். 1933-ல் லண்டனில் மனிதனின் ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்ததே ஃபெரட்டுகளை வைத்துத்தான்.

இன்னொன்று, உங்களுக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்த யார்க்‌ஷயரில் ஃபெரட்டைக் கால்சட்டைக்குள் விட்டு, கணுக்காலிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று போட்டியே நடத்தியிருக்கிறார்கள். பார்ன்ஸ்லிக்காரர் ரெஜ் மெல்லர் 1981-ல் 5 மணி 26 நிமிடம் நின்றார். நம்ம வேட்டிக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது.

தட்டைத் தட்டிவிட்டுத் தீனி வைத்தேன்; ஒரு மாதத்தில் சத்தம் கேட்டாலே ஓடிவந்தான். சந்தோஷம் வந்தால் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் குதித்து, ‘டுக் டுக்’ என்று கோழிபோல் முனகி, நாற்காலியில் போய் முட்டுவான். முதல் தடவை வலிப்பு என்று நினைத்துக் கிழவரை எழுப்பிக் கூட்டிவந்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன சனிக்கிழமை வேட்டை. வாசலுக்கு ஒன்றாகச் சிறு வலைகளை விரித்தோம். அப்பத்தாவின் சுருக்குப்பை தெரியுமல்லவா, அதே வேலைதான்: முயல் பாய்ந்ததும் வாய் சுருங்கிக்கொள்ளும். பேசக் கூடாது, அழுத்தி நடக்கக் கூடாது, உள்ளே அதிர்வு தெரிந்துவிடும். வெள்ளையம்மா இறங்கினாள். பூமிக்குள் ‘திம் திம்’ என்று சத்தம். அடுத்தடுத்து இரண்டு முயல் வலையில். அவை கிழவர் கணக்கு.

என் முறைக்குக் கட்டபொம்மன். கொஞ்ச நேரத்தில் வளை வாயில் மூக்கு தெரிந்தது. முழுதாக வெளியே வரும்வரை பொறு என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். என் ஆத்திரம், எட்டிப் பிடிக்கப் போனேன். விருட்டென்று உள்ளே போனவன்தான். தட்டைத் தட்டினேன், கெஞ்சினேன், வரவில்லை. கழுத்துப் பட்டியில் ரேடியோக் கருவி இருந்ததால், மேலே நின்று மெஷினை ஆட்டி இடத்தைக் கண்டுபிடித்து மூன்றடி தோண்டினோம். கடைசிக் கொத்தை மண்வெட்டியால் போடாதே, கையால் பறி என்றார் கிழவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் போட்டுவிட்டேன். உள்ளே ஒரு முயலைக் கொன்று, அதன்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான் கட்டபொம்மன். நல்லவேளை, மண்வெட்டி பட்டது அவன் மேல் இல்லை.

அத்தையிடம் கேட்டுக் கறி மசாலாப் பக்குவத்தை அனுப்பிவையுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, வேண்டுமானால் உங்கள் மகளைக் கேளுங்கள்: நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்