சக்குபள்ளத்தில் இரண்டாம் குற்றி: ஒரு முன்னோட்ட ஆய்வு

இந்தியச் சமையல் எரிவாயுவைப் பற்றி எழுதுகிறவர்கள் கொல்கத்தாவில் தொடங்குவது மரபு. இண்டேனின் முதல் இணைப்பு 1965 அக்டோபரில் அங்கேதான் கொடுக்கப்பட்டது. அந்த மரபுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இக்கட்டுரை நேரே இடுக்கி மாவட்டம் சக்குபள்ளத்துக்கு வருகிறது. முதல் சிலிண்டரைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுக்களை மூலையில், முறத்துக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் இரண்டாவதைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே நோக்கம்" என்று இங்கே ஒரு வரி எழுதியாக வேண்டும், எழுதியாயிற்று.

களம் பற்றிச் சிறிது. ஏலமலையில் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடைப்பட்ட ஊராட்சி சக்குபள்ளம். செல்லார்கோவில் விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அங்கிருந்து காலையில் ஜீப் ஏறி வரும் பெண்கள் ஏலக்காட்டில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். பறித்த காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகும். அங்கே ஒரு நாள் முழுக்க விடாமல் சூடு கொடுக்க வேண்டும். ஸ்டோரில் அடுப்பு அணைந்தால் பணம் போகும், வீட்டில் அணைந்தால் மானம் போகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் கேஸ் வண்டி எந்த வளைவில் நிற்கிறது என்று வண்டிக்காரருக்கே நிச்சயமில்லை. செறுதோணி அணையின் மடைகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கிச் சாலைகள் பல இடங்களில் துண்டாயின. சிலிண்டரை மலையாள வாடையோடு குற்றி என்றழைத்து "இன்னொரு குற்றி வேணும்" என்று பேசும் சிந்தனைப் பள்ளி அந்த மழையில்தான் வேரூன்றியது என்பர் (திண்ணைப் பேச்சு, மழை விட்ட பின்).

இனி வகைப்பாடு. ஒரு சிலிண்டர் வீடு: தவிப்பு. மூன்று சிலிண்டர் வீடு: தரவு இல்லை; கேட்ட இடங்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு சிலிண்டர் வீடே நமது பொருள். ஏஜென்சி வழக்கில் டிபிசி. இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. 2016 மே 1-ல் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 14.2 கிலோ என்றால் ஒன்று, 5 கிலோ என்றால் இரண்டு வாங்கலாம். இரண்டும் சேர்ந்து ஒன்றின் எடைக்கு எட்டாத இரட்டை எப்படி இரட்டையாகும்? தனியாக ஒரு முனைவர் பட்டத்துக்கு இது தாங்கும்.

கல்வெட்டுச் சான்றுகளும் உள்ளன. சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறம் குனிந்து பார்த்தால் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் தெரியும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே மும்மூன்று மாதமாக டி வரை. சி-28 என்று இருந்தால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைச் 'சி' என்னும் சிற்றரசனின் 28-ஆம் ஆட்சியாண்டு என்று படிக்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். கருத்தரங்குக்கு வண்டிச்செலவு கொடுத்தால் போதும். பக்கத்தில் 15.9 என்றிருப்பது காலி எடை. அதோடு 14.2-ஐக் கூட்டினால் 30.1 வர வேண்டும். வராவிட்டால் வரலாற்றுத் துறையை விட்டுவிட்டு ஏஜென்சிக்குப் போன் போடலாம்.

அடுத்தது நோயறிதல்: குற்றி காலியா, பாதியா? ஆட்டிப் பார்ப்போர், தட்டிப் பார்ப்போர் ஆகிய இரு பள்ளிகளும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. ஈரத்துணிப் பள்ளி மட்டுமே ஆதாரத்தோடு பேசும். துணியை நனைத்து மேலிருந்து கீழாகத் துடைத்தால் திரவம் இருக்கும் மட்டம்வரை ஈரம் தங்கும், அதற்கு மேல் சட்டென்று காய்ந்துவிடும். மூக்குப் பள்ளியையும் ஒதுக்க முடியாது. எல்பிஜிக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். தீரும் தறுவாயில் மிச்சத்தில் அது செறிந்து நிற்பதால் நாற்றம் தூக்கும் (எதிர்வீட்டு ஆச்சி, வாய்மொழி, பாத்திரம் கழுவும் இடப் பதிப்பு, மறுப்பு: அதே ஆச்சி, மறுநாள்).

முதன்மைச் சுவடி என்பது மாதக் காலண்டர்தான். ஆவணிப் பக்கத்தில், பால் கணக்குக்கு மேல், பிரதோஷத்துக்குக் கீழ், ஸ்கெட்ச் பேனாவில் 'கு.மா.' என்று ஒரு குறிப்பு கண்டெடுக்கப்பட்டது. மாமியார் உரை இதைக் 'குற்றி மாற்றியது' என்று கொள்ளும். மருமகள் உரையோ 'குழந்தைக்கு மாத்திரை' என்றே பொருள் என்றும், மாற்றிய நாளை யாருமே குறிக்கவில்லை என்றும் வாதிடும். 'குலதெய்வத்துக்கு மாவிளக்கு' என்பது பிற்கால இடைச்செருகல். ஆனாலும் அதற்கும் ஒரு கட்சி சேர்ந்துவிட்டது. சுவடியின் காலத்தை வலது மூலைச் சாம்பார்க் கறையை வைத்துக் கணிக்கலாம். கறை எழுத்தின் மேல் இருக்கிறதா, எழுத்து கறையின் மேல் இருக்கிறதா என்பதில் இரு உரையாசிரியரும் ஒரே அடுக்களையில் இருந்துகொண்டே மூன்று வேளையாகப் பேசிக்கொள்ளவில்லை. விரிவுக்கு: மேற்படி காலண்டர், பின்பக்கம், சீட்டுக் கணக்குக்கும் கோலப் புள்ளிக்கும் இடைப்பட்ட வெற்றிடம், மையழிந்த படி, பேரன் கப்பல் செய்தது போக எஞ்சிய பகுதி.

இந்தத் தரவுகளிலிருந்து எம் கோட்பாடு பிறக்கிறது. முதல் குற்றி தீரும்போது தவிக்கக்கூடாது என்றுதான் இரண்டாவதை வாங்குகிறோம். தீர்ந்த அன்று வெள்ளை மூடியைக் கழற்றி, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டினால் குழம்பு திரும்பக் கொதிக்கிறது. அந்த நிம்மதியில் புக்கிங் நாளைக்குப் போகிறது. நாளை, நாளை மறுநாளுக்கு. அதற்குள் இரண்டாவதே முதலாவதாகிவிடுகிறது. ஆக, இரண்டு சிலிண்டர் வீட்டில் இரண்டாம் குற்றி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதே இல்லை.

இது மலையாள நாட்டுக்கு மட்டும் உரிய பண்பல்ல. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் மடக்குக் கூடார வண்டியில் 20 பவுண்டு புரொப்பேன் தொட்டி ஒன்று இருக்கும். பதற்றக்காரர்கள் இரண்டாவதையும் மாட்டுவார்கள். நடுவே தானாக மாறும் ரெகுலேட்டர்: ஒன்று தீர்ந்தால் அடுத்ததற்குச் சத்தமில்லாமல் தாவிவிடும். தாவியது தெரியாமல் இரண்டையும் காலி செய்துவிடுவார்கள் என்று பயந்து, தீர்ந்ததைக் காட்ட ஒரு சிவப்பு அடையாளமும் வைத்தார்கள். வண்டியைச் சுற்றி முன்பக்கம் போய் அந்தச் சிவப்பைப் பார்ப்பது யார் என்பதற்கு அங்கேயும் விடையில்லை.

விதிவிலக்கான வீடுகளும் உண்டு. சீல் பிரிக்காத குற்றி விருந்தாளி கண்ணில் படும்படி கம்பீரமாக நிற்கும். நம் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் ஜெர்மன் புத்தகங்கள் நிற்பது இப்படித்தான். ஒன்றின் மூடிகூடத் திறந்திருக்காது.

மற்ற வீடுகளில் காலிக் குற்றி பலகை தாங்கும் முக்காலியாகிவிடுகிறது. இதை நாட்டார் வழக்காற்றியல் எடுத்துக்கொள்வதா, மரச்சாமான் ஆய்வுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் முன், பக்கத்து வீட்டுக்கு வந்த கேஸ் வண்டித் தம்பி வாசலில் நின்று கேட்டது களக்குறிப்பில் பதிவாகியுள்ளது.

"காலிக் குற்றி நிக்குதேக்கா, இன்னிக்காவது புக் பண்ணலாமே?"

"பண்ணணும் தம்பி. மேல தோசைமாவு இருக்கு, இறக்கி வச்சுட்டுப் பண்றேன்."

"போன மாசமும் மாவுதானேக்கா சொன்னீங்க."