ஓடிப்போன டிஎன்ஏ

மின்புலத்தில் வைத்தால் டிஎன்ஏ என்ன ஆகும் என்று எம்.எஸ்சி. சேர்ந்த புதிதில் யாராவது கேட்டிருந்தால், "சுருள் பிரிந்து பிய்ந்துவிடும்" என்று அடித்துச் சொல்லியிருப்பேன். மின்னல் தாக்கி ஹீரோவுக்குச் சக்தி வரும் படங்களை முதல் ஷோவே பார்த்தவன். நல்லவேளை, நுழைவுத்தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை.

லேபில் டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கிற ஜெல்லுக்குக் கொடுப்பது சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் மாதிரி. அதற்கெல்லாம் இரட்டைச்சுருள் மசியாது. இழைகள் நெடுக பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை. ஜெல் மூழ்கியிருக்கிற பஃபர் கரைசலின் நேர் அயனிகள் அதில் முக்கால்வாசியை மூடிவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு டிஎன்ஏ நேர்மின்முனையைப் பார்த்து ஓடும், அவ்வளவுதான். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதினேன். செய்முறையில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் செருகினேன்.

"என்னப்பா, டிஎன்ஏ எங்கே?" என்றார் மேடம், வெறும் ஜெல்லை யூவி விளக்கில் பார்த்துவிட்டு. "பஃபர்ல இருக்கும் மேடம்" என்றேன். பதில் சரி. மார்க்தான் வரவில்லை.

அடுத்தது அவசரம். ஜெல்லுக்கு ஊற்றுகிற அகரோஸ் கடல்பாசிச் சரக்கு. வீட்டில் பாலில் காய்ச்சுகிற சைனா கிராஸுக்குச் சொந்தம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற ஆசையில் வோல்டேஜை ஏற்றினேன். ஜெல் கூழானது. பஸ்ஸும் போய்விட்டது.

நீளமான டிஎன்ஏ விஷயம்தான் பெரிய மானக்கேடு. சும்மா இருக்கும்போது அது சுருண்டு கிடக்கும். புலம் இழுத்தால் பாம்பு மாதிரி நீண்டு, தலையை விட்டு, ஜெல்லின் துளைகளில் நெளிந்து போகும். சுமார் 50,000 கார இணைகளைத் தாண்டினால் நெட்டை, குட்டை எல்லாம் ஒரே வேகம். எனக்கு வந்தது ஒரே ஒரு கோடு. "எவ்வளவு சுத்தம் பாருங்கடா!" என்று ஹாஸ்டல் முழுக்கக் காட்டினேன். எல்லா நீளமும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இதற்கு வழி 1984-லேயே வந்தாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் கேன்டரும் புலத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நீளமானது திரும்புவதற்கு நேரமாகும், பின்தங்கிவிடும். ஈஸ்ட்டின் குரோமோசோம்களையே அப்படிப் பிரித்துக் காட்டினார்கள். திசையை நானும்தான் மாற்றினேன். ஜர்னலில் யாரும் போடவில்லை.

இத்தனைக்கும், டிஎன்ஏ இரட்டைச்சுருளின் உருவத்தை உண்மையாகவே மாற்றியது கரன்ட் இல்லை, நான் ஊற்றிய எத்திடியம் புரோமைடு சாயம். இணைகளுக்கு நடுவே புகுந்து, 0.34 நானோமீட்டர் இடைவெளியை இரட்டிப்பாக்கி, சுருளையும் 26 பாகை தளர்த்திவிடும். பளிச்சென்று தெரியட்டுமே என்று தாராளமாக ஊற்றினேன். ஜெல் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. டிஎன்ஏதான் தெரியவில்லை.

நீங்களும் இந்த வேலையில் மாட்டியிருந்தால் ஒன்று சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் பஃபருக்குள் இருக்கும் கம்பியில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கரன்ட் ஓடுகிறது. வராவிட்டால் பிளக்கைப் பாருங்கள்.