கரை யாருடையது? வாகரை வாசகர் கேள்விகள்

கேள்வி: பாசிக்குடாவுக்கு ஹோட்டல் வந்து நாலு பேருக்கு வேலை கிடைத்ததே. வாகரைக்கும் வரட்டுமே? (கண்டலடி வாசகர்)

பதில்: வரட்டும், வேலையும் கிடைக்கட்டும். ஆனால் பாசிக்குடாவில் 2011 முதல் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது தோணிகளுக்கு மிஞ்சியது ஒரு மூலைதான். கரைவலைக்கு நீளமான வெறும் மணல் வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுக்க வேண்டும், வலை உலர வேண்டும், கருவாடு காய வேண்டும். அந்த மணலில் சாய்கதிரை போட்டுவிட்டால் வலைக்காரர் எங்கே நிற்பார்? ஹோட்டல் தரும் ஒரு சம்பளத்தோடு, கரை பறிபோவதால் தொழில் நின்றுபோகும் பத்துப் பேரின் பாட்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வளவுக்கு பெர்மிட் மட்டும்தான். கொழும்பிலிருந்து ஒருவர் நல்ல விலை பேசுகிறார். கொடுக்கலாமா? (பனிச்சங்கேணி வாசகி)

பதில்: வேண்டாம், அக்கா. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பெர்மிட் என்றால், அதை நினைத்தபடி விற்க முடியாது. நிபந்தனையை மீறினால் பெர்மிட்டே ரத்தாகலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு கரையோரம் கட்டக்கூடாது என்றார்களே? (கதிரவெளி வாசகர்)

பதில்: வடக்கு, கிழக்கில் 200 மீற்றர், தெற்கு, மேற்கில் 100 மீற்றர் என்று கோடு போட்டார்கள். மீனவர் வீட்டுக்கு அது தடையாக நின்றது. சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்குக் கிடைத்தது. பிறகு கோடே தளர்ந்தது.

கேள்வி: எங்களை யாரும் துரத்தவில்லையே, ஏன் பயப்பட வேண்டும்? (வாகரை வாசகர்)

பதில்: 2006 கடைசியில் போரின்போது ஷெல்லுக்குப் பயந்து ஓடினோம், அது கண்ணுக்குத் தெரிந்த துரத்தல். ஹோட்டலால் வரும் துரத்தல் அப்படி வராது. முதலில் கடலுக்குப் போகும் ஒழுங்கையில் வேலி விழும், அடுத்து கருவாட்டு மணம் தொந்தரவு என்று முறைப்பாடு போகும். இப்படித்தான் சென்னை நொச்சிக்குப்பத்தில் 2023இல் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைகளை அகற்றத் தொடங்கினார்கள். மீனவர்கள் நடுச்சாலையில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று.

கேள்வி: இப்போது என்ன செய்யலாம்? (பால்சேனை வாசகர்)

பதில்: கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து உங்கள் கரையின் வரைபடம் கீறுங்கள். தோணி ஏற்றும் இடம், வலைப்பாடு, வாடி, கடலுக்குப் போகும் ஒவ்வோர் ஒழுங்கையும் அதில் இருக்க வேண்டும். கடற்றொழில் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், பிரதேச சபை மூன்றுக்கும் கொடுத்து, கையளித்த திகதியோடு முத்திரை வாங்குங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.