பல்லும் உடம்பில் சேர்த்தி

பெறுநர்: மெடிகேர், மெடிக்கெய்டு சேவை மையங்கள், பால்டிமோர், மேரிலாந்து, அமெரிக்கா.

பொருள்: காப்பீட்டு அட்டைக்கு நன்றி தெரிவித்தல், டாக்டரும் வேண்டும் எனக் கேட்டல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

1997-இல் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து எத்தனை பிள்ளைகள் கையில் அட்டை இருக்கிறது என்று தலை தவறாமல் எண்ணி வருகிறீர்கள். அட்டையும் நல்ல வழவழப்பு. காய்ச்சல் நேரத்தில் விசிறிக்கொள்ளலாம்.

சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். தாய் பேசுவதுபோலச் சிறப்பு மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போன் போட்டார்கள். அதே மூச்சிரைப்பு, அதே எலும்பு முறிவு. காப்பீடு மட்டும் வேறு. 2011-இல் முடிவு வந்தது. தனியார் காப்பீடு என்றால் 100-க்கு 11 அழைப்புகளில் கைவிரித்தார்கள். உங்கள் அட்டை என்றால் 66. இரண்டுக்கும் இடம் கொடுத்த கிளினிக்குகளிலும் உங்கள் பிள்ளை சராசரியாக 22 நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். முறிந்த எலும்புக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்கிறார்கள் போலும்.

2007-இல் உங்கள் மேரிலாந்திலேயே ஒரு 12 வயதுப் பையன். தம்பியின் சொத்தைப் பற்களுக்கு உங்கள் மெடிக்கெய்டு காப்பீட்டை ஏற்கும் பல் டாக்டரைத் தேடி அம்மா அலைந்துகொண்டிருந்தபோது, இவன் தலைவலி என்றான். பல்லில் கட்டிய சீழ் மூளைக்கு ஏறியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். இரண்டு அறுவைச் சிகிச்சை, ஆறு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரிவாசம், இரண்டரை லட்சம் டாலர் செலவு. பிப்ரவரியில் பையன் போய்விட்டான்.

2009-இல் வந்த சட்டம் உங்கள் திட்டத்தில் பல்லையும் உடம்பில் சேர்த்தது. சிகிச்சையின் தரத்தை அளக்க அளவுகோல் வகுக்கச் சொன்னதும் அதே சட்டம்தான். பிறந்த 15 மாதத்துக்குள் குழந்தையை ஆறு தடவையாவது டாக்டர் பார்த்தாரா என்பது அவற்றில் ஒன்று. மாநிலங்கள் இஷ்டப்பட்டால் கணக்குக் காட்டலாம் என்று விட்டுவைத்தீர்கள். கட்டாயமானது 2024-இல்தான். 2009-இல் பிறந்த பிள்ளைக்கு அதற்குள் மீசை அரும்பிவிட்டது. இனி ஆறு தடவை என்ன, அறுபது தடவை பார்த்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் போட முடியாது.

ஒரே விண்ணப்பம். அடுத்த முறை தலை எண்ணும்போது, டாக்டர் பட்டியலில் கண்ணில் படும் முதல் நம்பருக்கு நீங்களே போன் போட்டு, “பிள்ளைக்குப் பல்வலி” என்று சொல்லிப் பாருங்கள். பதவியைச் சொல்லக் கூடாது. அட்டையை மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓர் அட்டைதாரப் பிள்ளையின் அப்பா

இணைப்பு: இன்னும் கிடைக்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.