சோற்றில் உப்பு

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதை இந்த நாட்டில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது செய்தித் தொழில்தான். சந்தேகமிருந்தால் காலைப் பேப்பரை எடுங்கள். முதல் பக்கம் முழுக்க அரசு விளம்பரம். புரட்டினால் நகைக்கடை. மூன்றாவதாக ஒருவழியாகச் செய்தி வருகிறது; விளம்பரத்தில் சிரித்தவரே அதிலும் சிரிக்கிறார். ஒரே வித்தியாசம், விளம்பரத்துக்கு பில் உண்டு.

உப்பென்றதும் மிர்சாப்பூர் ஞாபகம் வருகிறது. உத்தரப் பிரதேசம், 2019 ஆகஸ்ட், ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. மதிய உணவு வேளை. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் ரொட்டி, ஓரத்தில் உப்பு. பருப்பு இல்லை, காய் இல்லை. உப்பைத் தொட்டுத் தொட்டு ரொட்டியைத் தின்கிறார்கள். உள்ளூர் இந்திப் பத்திரிகை நிருபர் ஒருவர் அதை வீடியோ எடுத்தார். நாடே பார்த்தது. அரசு முதலில் சிலரை சஸ்பெண்ட் செய்தது. பத்து நாள் யோசித்து உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தது: வீடியோ எடுத்தவர்! சதி, மோசடி என்று வழக்கு. மாவட்ட ஆட்சியரின் விளக்கத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்: அச்சுப் பத்திரிகைக்காரர் போட்டோ அல்லவா எடுக்க வேண்டும், வீடியோ ஏன் எடுத்தார்? ஆகவே சதி. அதாவது தட்டில் உப்பு இருந்தது தப்பில்லை, படம் அசைந்ததுதான் தப்பு.

சில மாதம் கழித்துப் போலீஸ் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்தது. 2022-ல் அவர் புற்றுநோயில் இறந்தார். சிகிச்சைக்கு ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. உண்மையை எழுதினால் கிடைக்கும் ஓய்வூதியம் இதுதான்.

பொய்க்கு நிலவரம் பரவாயில்லை. 2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டுக்குள் நானோ சிப் இருப்பதாகப் பெரிய சேனல்களே கிராபிக்ஸ் போட்டுக் காட்டின. 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடுமாம். சிப் வரவே இல்லை. 2023-ல் அந்த நோட்டையே திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கிராபிக்ஸ் போட்டவர்களின் கோட்டு மட்டும் இன்றுவரை கசங்கவில்லை.

வடக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது நம் சட்டமன்றம்தான். 2025 பிப்ரவரியில் பிரதமரை விலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளத்தை முடக்கியது டெல்லி. உயர் நீதிமன்றம் தலையிட்டது. கார்ட்டூனை இறக்கிவைத்துவிட்டுத் தளத்தைத் திறந்துகொள்ளச் சொன்னது. அன்று ஆசிரியரை உள்ளே வைத்தார்கள், இன்று பத்திரிகைக்கே பூட்டு. முன்னேறித்தான் இருக்கிறோம்.

ஆனால் எல்லோரையும் பூட்டத் தேவையில்லை. கவர் போதும்.

சில வருடங்களுக்கு முன் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பிரஸ் மீட். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாக் கட்சி போண்டாவும் ஒரே எண்ணெயில்தான் வேகிறது. ஆற்று மணலைப் பற்றிக் கேட்கலாம் என்று எழுந்தேன். பி.ஆர்.ஓ. ஓடிவந்து தோளில் கை போட்டார்: "அண்ணே, சாப்டீங்களா?" ஒரு கேள்வியை இதைவிட அன்பாகக் கொல்ல முடியாது. ஃபைலோடு ஆளுக்கொரு கவர் வந்தது. பக்கத்தில் தாலுகா நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தராவிட்டால் ஐ.டி. கார்டும் கிடையாது. கவரைப் பிரிக்காமலே விரலால் தடவிப் பார்த்தார். "ஐந்நூறுண்ணே," என்றார் கூச்சத்தோடு. "பெட்ரோலுக்கு ஆகும்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முதலாளி உப்புப் போடவில்லை, போட்டவனை அவர் நினைத்துக்கொண்டார். கோபமெல்லாம் அந்த முதலாளிமேல். அப்புறம் உங்கள்மேல், என்மேல். பேப்பரை டீக்கடையில் ஓசியில் படிக்கிறோம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆகக் கேட்டு வாங்குகிறோம். சந்தா என்றால், "அதுக்கெல்லாமா காசு?" பிறகு ஏப்பம் விட்டபடி, "மீடியா வித்துப்போச்சு சார்!" விற்றுத்தான் போனது. கடை திறந்திருந்தபோது நாம் ஏன் வாங்கப் போகவில்லை?

நல்ல பத்திரிகையின் எதிர்காலம் என்ன என்று இப்போது அடிக்கடி கருத்தரங்கு போடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் ஸ்பான்சர் பெயரைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்பார்கள். தூண் இருந்தால் போஸ்டர் ஒட்ட வசதி.

ஊரில் சொரணை கெட்டவனைப் பார்த்துக் கேட்பார்கள்: "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" மிர்சாப்பூர்ப் பிள்ளைகளைக் கேட்டால், ஆமாம் என்று தலை நிமிர்ந்து சொல்வார்கள். அவர்கள் தட்டில் வேறொன்றும் இருக்கவில்லை. கூட்டு, பொரியல், அப்பளத்தோடு ராத்திரி விவாத நிகழ்ச்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.