கூதிர்காலத்து மாநகரப் பூங்காக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் புள் காண்டல்: திணைநோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருளும் எல்லையும்

தமிழில் ஆராயப்படாத பொருள் இனி இல்லை என்றுதான் பல்கலைக்கழக நூலகங்களுக்குள் நுழைபவர் எவரும் நினைப்பர். அடுக்குகள் வளையுமளவுக்கு ஆய்வேடுகள் இருக்கின்றன. ஆயினும் ஐப்பசி மாதத்து விடியலில், கழுத்தில் பைனாகுலரும் காலில் சேறுமாக ஒரு மனிதர் சென்னைப் பூங்காவொன்றின் குப்பைக்குழிக்கு அருகே அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறாரே, அது ஏன் என்பதை விளக்க இதுவரை எவரும் முன்வரவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வின் எல்லை சென்னை மாநகரம். காலம் ஐப்பசியும் கார்த்திகையும். பள்ளிக்கரணைச் சதுப்பும் பழவேற்காட்டு ஏரியும் விலக்கப்பட்டன. அங்குள்ள பறவைகள் உருவில் பெரியவை, வெட்டவெளியில் நிற்பவை, ஆயிரக்கணக்கில் வருபவை. அவற்றைக் காண்பதில் ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய அளவு துன்பம் இல்லை.

கருதுகோள் வருமாறு: மாநகரில் ஓரிடத்துக்கு வலசைப் பறவைகள் வருவது, அவ்விடத்துக்குத் துடைப்பம் வருவதற்கு எதிர்விகிதத்தில் அமையும். இது இனித் ‘துடைப்பக் கோட்பாடு’ எனப்படும்.

2. முன்னோடிகள்

இத்துறையின் முதல்வர் சத்திமுத்தப் புலவர். வயற்காட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போகாமல், மதுரை மாநகரில் நின்றபடியே நாரையைக் கண்டவர் அவர். கூதல் தாங்க மேலாடை இல்லாத நிலையிலும் காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் குறிக்க மறக்கவில்லை. தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் பாதையையும் சொன்னார். ஆயினும் தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் விட்டுவிட்டார். இன்று பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் அவர் அதைப் பதிவிட்டால் ‘படம் உண்டா?’ என்று மதிப்பீட்டாளர் கேட்பது உறுதி.

அடுத்தவர் சாலிம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட கையேடு, அதுவரை துப்பாக்கி எடுத்துப் போனவர்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. மூன்றாமவர் மயிலாப்பூர்வாசியான மா. கிருஷ்ணன் (1912–1996). கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950இல் தொடங்கிய பத்தியை மறையும் வரை எழுதினார். காக்கையையும் அணிலையும் பற்றி எழுதக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதை நாற்பத்தைந்து ஆண்டு நிறுவியவர். 1978இல் அமைந்த மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இம்மரபைக் கூட்டு முயற்சியாக்கியது. அதாவது, ஒருவர் தனியாகத் தவறவிட்ட பறவையைப் பலர் சேர்ந்து தவறவிட வழி செய்தது.

3. முதற்பொருள்

முதலெனப்படுவது நிலமும் பொழுதும். பொழுதில் சிக்கல் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கூதிரும் யாமமும் குறிஞ்சிக்கு உரியவை என்பது இலக்கணம். பூங்கா மலையன்று, ஆயினும் இலக்கணம் பொய்க்கவில்லை. வலசை வரும் சிறு பறவைகள் பெரும்பாலும் யாமத்திலேயே பறக்கின்றன. இரவுக் காற்று குளிர்ந்திருப்பதால் உடல் சூடேறுவதில்லை, வல்லூறு உறங்குகிறது, பகல் முழுதும் இரை தேட மிஞ்சுகிறது. விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் கொண்டு வழியறிந்து வந்து, விடியும்போது கீழே பார்க்கின்றன. கான்கிரீட்டுக்கு நடுவே கரும்பச்சையாக ஏதேனும் தெரிந்தால் இறங்குகின்றன. அது தேசியப் பூங்காவா, நகராட்சிப் பூங்காவா, இடுகாடா என்று அவை பெயர்ப்பலகை பார்ப்பதில்லை.

நிலத்தில்தான் சிக்கல். பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்பர். பூங்காவும் அவ்வாறே. சான்றாக, 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகமாக இருந்தது. மசால் தோசை திரிந்து செம்மொழியானது. மறு ஆண்டு திறக்கப்பட்ட 58 ஏக்கர் அடையாறு பூங்கா, குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்ட கழிமுகத்தை மீட்டு அமைத்தது. அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்றே பெயர் வைத்தார்கள். ஐந்திணை வகுத்தவர் பெயரால் ஆறாவதாக ஒரு நிலம் அமைந்துவிட்டபின், அதற்கு இலக்கணம் எழுதாமலிருப்பது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி.

4. கருப்பொருள்

பூங்காத்திணைக்கு உரிய கருப்பொருள்கள் கீழ்வருமாறு தொகுக்கப்படும்.

தெய்வம்: சாலிம் அலி. உணவு: வாயிலில் விற்கும் அருகம்புல் சாறு, திரும்பும் வழியில் பொங்கல், வடை. மரம்: தூங்குமூஞ்சி, 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப்பின் எஞ்சியவற்றுள் எதுவும். விலங்கு: அணில், பூனை, உரிமை கோரும் தெருநாய். பறை: சிரிப்பு யோகா மன்றத்தாரின் ஒருமித்த சிரிப்பு. யாழ்: நடைபயில்வோர் சட்டைப்பையில் பாடும் கைப்பேசி. தொழில்: அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொள்ளல்.

மக்களுள் முதன்மையானவர் வாட்ச்மேன். இத்திணையின் வாயில் இவரே.

“என்ன சார் பாக்கறீங்க?”

“குருவிண்ணா.”

“குருவியா? அந்தப் பக்கம் ஃபிளாட்டு சார். பால்கனியில லேடீஸ் நிப்பாங்க. இந்தப் பக்கமா திரும்பிப் பாருங்க.”

குருவி எப்போதும் ஃபிளாட் இருக்கும் பக்கமே அமரும் என்பது இத்திணைக்குரிய துணைவிதி.

இனிப் புள். கூதிரில் வருவனவற்றுள் தலைமை ஆறுமணிக்குருவிக்கு. இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி, தென்னகத்துக்கும் இலங்கைக்கும் குளிர்காலம் கழிக்க வருவது. பச்சை, நீலம், செம்மை, மஞ்சள், கருப்பு, வெண்மை என்று வண்ணப்பெட்டியில் உள்ள நிறமெல்லாம் உடலில் இருந்தும், காய்ந்த சருகின்மேல் நடக்கும்போது கண்ணுக்குப் படுவதில்லை. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பது இதன் வழக்கம். அரசு அலுவலகங்கள் எதிலும் காணக் கிடைக்காத காலந்தவறாமை. இரவில் வரும்போது நகர வெளிச்சத்தில் வழி குழம்பி, அடுக்ககத்து மாடிப்படியிலோ குளியலறையிலோ களைத்து விழுந்து கிடப்பதும் உண்டு. வீட்டார் அட்டைப்பெட்டியில் வைத்து, அயல்நாட்டுக் கிளி தப்பி வந்துவிட்டதென்று வனத்துறைக்குச் சொல்வர்.

கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியக் காடுகளிலிருந்து வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும்; எதற்கும் இசையாத குழு உறுப்பினர் என்க. செந்தலைப் பூங்குருவி சருகைப் புரட்டிப் புழு எடுக்கும். பழுப்பு ஈப்பிடிப்பான் ஒரே கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே கிளைக்குத் திரும்பும். பழுப்புக் கீச்சான் புரட்டாசிக்குள்ளேயே வந்து இடம் பிடித்துக் கத்தத் தொடங்கும். போன ஆண்டு இருந்த புதருக்கே மறுபடி வருவதும் உண்டு. அப்புதர் அங்கே இருக்குமா என்பது துடைப்பக் கோட்பாட்டைப் பொறுத்தது.

5. உரிப்பொருள்

ஒவ்வொரு திணைக்கும் உரிப்பொருள் ஒன்றே. பூங்காத்திணை மட்டும் ஐந்தையும் ஒரே காலைப்பொழுதில் நிகழ்த்துகிறது.

புதருக்கு எதிரே காத்து நிற்பது இருத்தல். பறவையும் நோக்குநரும் ஒருகணம் கண்ணோடு கண் பார்த்தல் புணர்தல். கேமராவைத் தூக்கியதும் அது பறந்துவிடல் பிரிதல். நாம் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் அது வெளியே வந்து நின்றதாகப் பிறர் சொல்லக் கேட்டல் இரங்கல். அது இன்ன குருவி என்பதில் இருவருக்கு மனம் ஒவ்வாமல், அடுத்த ஞாயிறு வரை பேசாதிருத்தல் ஊடல்.

ஊடலுக்குக் காரணம் ஐயம். அதன் தோற்றுவாய் கதிர்குருவி.

கதிர்குருவி என்பது சுமார் பத்துக் கிராம் எடையுள்ள, நிறமென்று சொல்ல ஒன்றுமில்லாத, இலைக்குப் பின்னாலேயே வாழும் பறவை. இதில் பல இனங்கள் கூதிரில் வருகின்றன. பச்சைக் கதிர்குருவிக்கு இறகில் மங்கலாக ஒரு வெண்கோடு உண்டு. இறகு தேய்ந்தால் கோடும் தேயும். அப்போது, இல்லாத கோட்டைக் கண்டு இனம் அறிய வேண்டும். பிளித் நாணல் கதிர்குருவிக்கு அந்தக் கோடும் கிடையாது. கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தை 1841 முதல் இருபதாண்டு பேணிய எட்வர்ட் பிளித்தின் பெயரைத் தாங்கிய இது, பின்லாந்து முதல் மைய ஆசியா வரை கூடு கட்டி, அங்கிருந்து நம் வேலியோரத்துக்கு வந்து ‘சக், சக்’ என்னும். நாணல் என்பது பெயரில் மட்டும். சென்னையில் அதற்குக் கனகாம்பரப் புதரே போதும். அத்தனை தூரம் பறந்து வந்த ஒன்று, கடைசி மூன்றடிக்கு இலையை விட்டு வெளியே வர மறுப்பதே இத்துறையின் தீராத புதிர்.

இதற்கு இக்கட்டுரையாளரே செய்த நூற்பா:

பறக்குமுன் ஐயமும் பறந்தபின் தெளிவும்
புதர்க்கெதிர் நின்றார்க்கு உரிய என்ப.

என்பது என் சொல்லிற்றோ எனின், பறவை எதிரே இருக்கும் வரை அது யாது என எவரும் அறியார். அது போனபின் அனைவரும் அறிவர் என்றவாறு. ‘என்ப’ என்றது யார் எனின், நூற்பா செய்தவரே என்க.

நவீனர் இவ்வையத்தை ஒப்புக்கொள்ள வழி கண்டுள்ளனர். இ-பேர்ட் பட்டியலில் ‘ஏதோ ஒரு கதிர்குருவி’ என்று பதிவிட இடமுண்டு. தெரியவில்லை என்று சொல்வதற்குத் தனிக் கட்டம் வைத்த அறிவுத்துறை வேறெதுவும் நாமறிந்து இல்லை. தமிழ் இலக்கியக் காலவரையறைத் துறை இதைப் பரிசீலிக்கலாம்.

6. கல்லறை இயல்

துடைப்பக் கோட்பாட்டுக்கு வலுவான சான்று கல்லறைத் தோட்டங்களிலேயே கிடைக்கிறது. காரணம் வெளிப்படை. அங்கே உறைவோர் நடைப்பயிற்சி செய்வதில்லை, சிரிப்பதில்லை, எட்டு வடிவப் பாதை கேட்டு மனுக் கொடுப்பதில்லை. கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைகளில் நட்டவர் யாரென்று அறியாத மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இரண்டு கல்லறைகளுக்கு இடையே விழுந்த சருகு மக்கும் வரை கிடக்கும். சருகுக்கடியில் கரையானும் மண்புழுவும் மரவட்டையும். அவற்றின் மேல் ஆறுமணிக்குருவி. சங்கிலி இவ்வளவே.

எதிர்ச்சான்றையும் நேர்மையோடு நோக்க வேண்டும். நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த மெட்ராஸ் போர்க் கல்லறை, இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கானது. புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கும், கற்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். இத்தகைய திறந்த புல்தரை கொண்டலாத்திக்கும் வாலாட்டிக்கும் ஏற்றது. சருகு நாடும் பறவைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே கோட்பாடு இவ்வாறு திருத்தம் பெறுகிறது: துடைப்பம் பறவையை ஒழிப்பதில்லை, மாற்றுகிறது, எல்லா இடத்தையும் பெருக்கினால் எல்லா இடத்திலும் ஒரே பறவையே மிஞ்சும். அது பெரும்பாலும் காக்கையாக இருக்கும்.

இக்களத்தில் இடர் ஒன்று உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். உறவினர் மெழுகுவர்த்தியும் மலர்மாலையுமாக வருவர். அதற்குமுன் களை பறிக்கப்படும், சருகு கூட்டப்படும், சுண்ணாம்பு அடிக்கப்படும். இறந்தவர்க்குச் செய்யும் அந்தக் கடமையைக் குறைசொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் நாள்காட்டியின் கொடுமை என்னவெனில், ஆறுமணிக்குருவி வந்து இறங்கும் ஐப்பசியும் அதுவே. ஆயினும் எல்லாக் கல்லறைக்கும் உறவினர் வருவதில்லை. கேட்க ஆளற்றுப்போன வரிசையில் சருகு அப்படியே கிடக்கும். பறவையும் அங்கேயே ஒதுங்கும்.

அன்று பைனாகுலரோடு நிற்பவரிடம் “நீங்க எந்தக் கல்லறைக்கு வந்திருக்கீங்க?” என்று அன்போடு கேட்பார்கள். விடை சொல்லும் முறைக்குத் தனி ஆய்வு தேவை.

7. முடிபுகள்

ஒன்று: பூங்காத்திணை ஆறாம் திணை. இரண்டு: அதன் பொழுது கூதிரும் யாமமும், வருவது யாமத்தில், காண்பது விடியலில், சண்டையிடுவது பகல் முழுதும். மூன்று: சருகு குப்பை அன்று, வடக்கே இமயத்துக்கு அப்பாலிருந்தும் விருந்தினர் வந்து உண்ணும் இலை அது.

பரிந்துரை ஒன்றே. ஒவ்வொரு பூங்காவிலும், ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் ஒரு மூலையைப் புரட்டாசி முதல் பங்குனி வரை பெருக்காமல் விடவேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, கருவி தேவையில்லை, புதிய பணியிடம் தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. பெருக்காமல் இருப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் வழி கண்டறியப்படாத காரணத்தால், இத்திட்டத்தை எந்தத் துறையும் ஏற்காது என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.