எழுத்துக் கூட்டுறதுக்கு ஒரு பந்தயம்!

ஏங்கண்ணு, ரெண்டாவது படிக்கற பொடியனை ஸ்பெல்லிங் போட்டிக்குப் பேரு குடுத்திருக்கியாமா? பீசு கட்டியாச்சு, கோட்டும் தெச்சாச்சாம். காளப்பநாயக்கன்பட்டி வெயிலுக்குக் கோட்டா!

எங்கப்பன் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல வெரல் தேய எழுதுனவரு. தப்புனா சட்டாம்பிள்ளை காதைத் திருகுவான். தப்பாம எழுதுனதுக்கு எவன் கோப்பை குடுத்தான்?

இந்தக் கூத்து மொளச்சது அமெரிக்காவுல. 1783ல நோவா வெப்ஸ்டர்னு ஒரு வாத்தியாரு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொஸ்தகம் போட்டாரு. நீல அட்டை. பொழுது சாஞ்சா கிராமத்துல வேற என்ன இருக்குது, டிவியா? பள்ளிக்கூடத்துல வெளக்கேத்தி, ரெண்டு கட்சியா நின்னு எழுத்துக் கூட்டுவாங்க. தப்புவிட்டவன் ஒக்காரோணும். எளவட்டங்க ஒண்ணையொண்ணு பாத்துக்க அது நல்ல சாக்கு. நம்மூரு நோம்பியில தெருக்கூத்து பாக்கப் போவியே, அந்த மாதிரி. 1875 வாக்குல பித்தே புடிச்சுருச்சு. பெரிய மனுசங்க காசு குடுத்துப் போயி ஒக்காந்தாங்க.

இதுல பாரு, கலர்ங்கற வார்த்தைல சும்மா கெடந்த ஒரு 'யூ'வை வெட்டி எறிஞ்சவரும் அதே வெப்ஸ்டருதான். வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்ட உட்டிருந்தா உனக்குப் பீசு மிச்சம்.

1925ல வாஷிங்டன்ல தேசியப் போட்டி. பிராங்க் நியூஹாசர்னு 11 வயசுப் பையன் 'கிளாடியோலஸ்'னு ஒரு பூப்பேரைச் சொல்லிச் செயிச்சான். 500 டாலருக்குத் தங்கக்காசு! அந்தப் பூவை அவன் வளத்தவனாம். அவனை எனக்குப் புடிச்சுது.

1985ல அதே போட்டியில பாலு நடராஜன் செயிச்சாப்புல. இந்திய வம்சத்துல அவருதான் மொதலு. அப்பறம் நம்ம சனம் உடுமா? 2019ல நடுராத்திரி வரைக்கும் 20 சுத்து. எட்டுப் புள்ளைங்க அசையவே இல்ல. இனிக் கேக்க வார்த்தை இல்லடா சாமின்னு எட்டுப் பேருக்கும் பட்டத்தைக் குடுத்துட்டாங்க. அதுல ஏழு பேரு நம்ம வம்சம்.

கெட்டிக்காரப் புள்ளைங்கதான், ஆரு இல்லைன்னா? உம்மவனும் 'பெப்பர்'னு டக்குனு எழுத்துக் கூட்டுறான். போன மாசம் செம்மேட்டுக்குக் கூட்டிப் போனனே, மெளகுக்கொடியைக் காட்டி என்னன்னு கேட்டேன். வெத்தலைங்கறான்! எலையைக் கிள்ளி மோந்து பாருடான்னா, கை அழுக்காயிருமாம்.

சரி, இதைச் சொல்லு. அமெரிக்காவுல எட்டாங்கிளாசு தாண்டுனவனைச் சேத்துக்க மாட்டாங்களாமே? இங்கயும் அதே சட்டமா? நான் மூணாங்கிளாசோட மாடு மேய்க்கப் போனவன். எம்பேரையும் எழுதிக்கச் சொல்லு. கோட்டு மட்டும் வேண்டாம்.